நாய்மார் ஆன தாய்மார்

வீதிப் பலகைகளிலும் பேருந்துகளிலும் தமிழ் காலும் கொம்பும் இழந்து நிற்பதைக் கண்டு நகைத்துவிட்டுப் போகின்றோம். 'கர்ப்பிணித் தாய்மார்' என்பது இருக்கைக்கு மேலே 'கர்ப்பிணி நாய்மார்' என எழுதப்பட்டபோதும் அதுவே நடந்தது. இது நகைப்புக்குரியதா?

1956இன் தனிச் சிங்களச் சட்டம் தமிழைப் புறந்தள்ளிற்று. 1987இன் 13ஆவது திருத்தம் 'தமிழும்' அரசகரும மொழி என்றது. இலக்கணத்தில் அவ்வும்மை எச்சவும்மை. ஆட்சியாளரோ தமிழையே எச்சமாக்கிவிட்டனர்.

பலகை எழுதும் தொழிலாளியைப் பழித்தல் தகாது. கொடுத்ததை வரைபவன் அவன். எழுதுமுன் தமிழறிந்த ஒருவரிடம் காட்டாத நிர்வாகமே குற்றவாளி. ஆசிரியர்களே, மாணவர்களே, பிழை கண்ட இடத்தையும் நாளையும் குறித்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்புங்கள். சிங்களத் தோழரும் அதில் ஒப்பமிடட்டும். அயலவரின் தாயை நாயாக்கும் நிர்வாகம் எந்த மொழிக்கும் நேர்மை செய்யாது.