ரெப்போல இருந்து எடுத்தாச்சா? நிஜமாவா?

பொட்டி தட்டுற மக்கள் சொல்கிற பொய்களில் முதலிடம் "என் மெஷின்ல ஓடுதே"க்கு. இரண்டாம் இடம் "அந்த ஃபைலை ரெப்போல இருந்து எடுத்தாச்சு சார்" என்பதற்கு. முதலாவதால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டாவதால் உண்டு. அதனால்தான் இந்தப் புலம்பல் :-)

கிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலுக்காக எழுத ஆரம்பித்தார். ஒருமுறை உள்ளே போனதைத் தொலைக்காமல் வைத்திருப்பதுதான் அதன் வேலையே. நம்ம ஊர் வில்லங்கச் சான்று மாதிரின்னு வெச்சுக்கங்க. இடத்தை இன்னொருத்தருக்கு வித்துட்டா, பழைய அடமான என்ட்ரி அதிலிருந்து காணாமப் போயிடுமா? போகாது. இன்னைக்கு யார் பேரில் இருக்குங்கிறது மட்டும்தான் மாறும்.

ஒரு ஃபைல் ஏற்கனவே கமிட் ஆகிவிட்டால், அப்புறம் கிட்இக்னோரில் அதன் பேரை எழுதிப் பிரயோஜனம் இல்லை. கிட் அதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் 'கிட் ஆர்எம்' கமாண்டை 'கேஷ்டு' ஆப்ஷனோடு ஓட்டச் சொல்வார்கள். உங்க டிஸ்க்கில் ஃபைல் அப்படியே இருக்கும், அடுத்த கமிட்டில் இருந்து மட்டும் இருக்காது. (அந்த கமிட்டை புல் பண்ணுகிற பக்கத்து சீட்டுக்காரர் மெஷினில் ஃபைலே அழிந்துவிடும். முன்னாடியே சொல்லிவிடுங்க, இல்லேன்னா திட்டு விழும்.) முந்தைய கமிட்களில்? அட்சரம் பிசகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பழைய கமிட்டைத் திறக்கத் தெரிந்த யாரும் இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடலாம்.

"பிரைவேட் ரெப்போதானே பாஸ்?" என்பவர்களுக்கு: 2016-ல் ஊபரில் நடந்ததும் பிரைவேட் ரெப்போவில்தான். கோடுக்குள் கிடந்த அமேசான் சாவி ஒன்று கிடைத்து, 5.7 கோடி பேரின் விவரம் போனது. நம்ம நாட்டிலும் நடந்திருக்கு. 2021-ல் சகுரா சாமுராய் என்கிற பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழு இந்திய அரசு இணையதளங்கள் பலவற்றில் கிட் ஃபோல்டரே வெளியே திறந்து கிடப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது. ஃபோல்டர் திறந்து கிடந்தால் இன்றைய கோடு மட்டுமில்லை, "எடுத்தாச்சு" என்று சொன்ன அத்தனையும் சேர்த்து டவுன்லோடு ஆகும்.

நிற்க. ஹிஸ்டரியையே திருத்தி எழுதணும் என்று எல்லாவற்றுக்கும் குதிக்கிற கோஷ்டியோடும் எனக்கு ஒத்துவராது. உள்ளே போனது பாஸ்வேர்டோ ஏபிஐ சாவியோ என்றால், முதல் வேலை அதை மாற்றுவது. பூட்டை மாத்திட்டா பழைய சாவி எந்தத் தெருவில் கிடந்தா என்ன? சாவியை அப்படியே உயிரோடு விட்டுவிட்டு, அது இருந்த கமிட்டைத் தேடி ஒரு நாள் முழுக்க ஆணி பிடுங்குகிற டீம்களைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா தெரியலை.

ஆனால் மாற்றவே முடியாத சமாச்சாரம் உள்ளே போயிருந்தால்?

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிற நண்பன் கேட்டான்: "மச்சி, சம்பள சாஃப்ட்வேர் டீம் ஒரு ஃபைலைத் தெரியாம ஏத்திட்டு, போன மாசமே எடுத்துட்டோம்னு சொல்றாங்க. விட்டுடலாமா?" திறந்து பார்த்தோம். டெஸ்டிங்குக்கு என்று போட்ட சிஎஸ்வி. அதில் இருந்தது நிஜ ஆட்கள். பெயர், பிஎஃப் எண், பேங்க் அக்கவுண்ட், ஆதார். பெரும்பாலும் பெண்கள். பள்ளிகொண்டா, மாதனூர் பக்கமெல்லாம் காலையில் கம்பெனி வேனுக்கு நிற்பார்களே, ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற அக்காமார்கள், அவங்கதான். அவர்களுடைய ஆதார் எண்ணை பாஸ்வேர்டு மாதிரி நாளைக்கே மாற்றித் தர யாரும் இல்லை.

இங்கேதான் ஹிஸ்டரியைத் திருத்தியே ஆகணும் என்கிறேன். கிட் ஃபில்டர்-ரெப்போ என்று ஒரு கருவி இருக்கு (பழைய ஃபில்டர்-பிராஞ்சை கிட்டின் கையேடே இப்போ வேண்டாம் என்கிறது). அதை ஓட்டினால் அந்த ஃபைல் நுழைந்த இடத்தில் இருந்து எல்லா கமிட் எண்ணும் மாறும். டீமில் எல்லாரும் புதுசா குளோன் எடுக்கணும். எவனாவது ஒருத்தன் பழைய லேப்டாப்பில் இருந்து புஷ் பண்ணினால் எல்லாம் திரும்ப வந்து நிற்கும். புல் ரெக்வெஸ்டுகளில் தங்கினதை எடுக்க கிட்ஹப் சப்போர்ட்டுக்கு எழுதணும், ஃபோர்க்குகளில் தங்கினதுக்கு அதன் சொந்தக்காரர்களிடமே கேட்கணும். பேஜாரான வேலைதான். "ஸ்பிரிண்ட் கெட்டுடும்" என்று லீடுகள் மூஞ்சியைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பாலாற்றங்கரையில் இருக்கிற எங்களுக்கு இது புதுசில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னபோதே, இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ கெட்டுப்போனதாகப் பதிவாகியிருக்கு. அதுக்கப்புறம் சுத்திகரிப்பு நிலையம், அபராதம், கமிட்டி என்று என்னென்னவோ வந்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. குழாயை அடைச்சுட்டா மண்ணில் ஏற்கனவே இறங்கினது வெளியே வந்துடுமா என்ன.

இன்னொன்று. அந்த அக்காமார்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. தகவல் கசிந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லணும் என்று 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியானது, அமலாக்கமும் படிப்படியாகத்தான். அதுவரை காத்திருக்கணுமா? "பேங்க்ல இருந்து பேசறோம், ஓடிபி சொல்லுங்கம்மா" என்று வருகிற கால் சட்டத்துக்காகக் காத்திருக்காது. நோட்டீஸ் போர்டில் தமிழில் நாலு வரி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நண்பன் மேனேஜரிடம் கேட்டிருக்கிறான், பதில் வரலை.

கிட்ஹப் போன்ற இடங்களில் சாவி தெரிந்தால் புஷ்ஷையே தடுக்கிற வசதி வந்திருக்கு. நல்லதுதான். ஆனால் அது தேடுவது சாவியின் வடிவத்தை. ஊழியர் பட்டியல் அதன் கண்ணில் படும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் இன்னைக்கு ஆணி கம்மியா இருந்தா உங்க ரெப்போவில் ஒரு வேலை பண்ணுங்க. 'கிட் லாக்'கை எல்லா பிராஞ்சுக்கும் சேர்த்து, டிஃப்-ஃபில்டருக்கு 'டி' கொடுத்து, ஃபைல் பெயர் மட்டும் வருகிற மாதிரி ஓட்டுங்க. இதுவரை "எடுத்தாச்சு" என்று சொன்னதெல்லாம் வரிசையா வந்து நிற்கும். அதில் சிஎஸ்வி, எக்ஸெல் என்று முடிகிறதை முதலில் திறந்து பாருங்க.