பதிவு இருக்கிறது, ஆனால் உரிமை யாருடையது?

உயர்தரப் பரீட்சை எழுதிய எனது மாணவர் ஒருவர், அறிமுகமானவர் மூலம் பாவித்த கையடக்கத் தொலைபேசி ஒன்றை வாங்கினார். மூன்று மாதங்களின் பின்னர் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. அது யாரோ பஸ்ஸில் பறிகொடுத்த தொலைபேசி. பொருளும் போனது, பணமும் போனது. வாக்குமூலம் கொடுக்க வாப்பாவும் மகனும் இரண்டு நாட்கள் அலைந்தார்கள். "1909க்கு அனுப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன் சேர்" என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மைதான். ஐ.எம்.ஈ.ஐ. என ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, 15 இலக்கங்களை 1909க்கு அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதில் வரும். 2025 ஜனவரி 28 முதல் பதிவற்ற புதிய தொலைபேசிகள் வலையமைப்பில் இயங்காது என அறிவிக்கப்பட்ட பின்னர் இதைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பதில், தொலைபேசி முறைப்படி நாட்டுக்குள் வந்ததா என்பதையே சொல்கிறது. முறைப்படி வந்த தொலைபேசியையும் திருடலாம். திருடிய பின்னரும் அதன் பதிவு அழிவதில்லை.

தொலைபேசியைப் பறிகொடுத்தவர் பொலிஸின் 'ஐ-நீட்' இணையத்தளத்தில் முறையிடுகிறார். அந்த இலக்கம் பொலிஸிடம் இருக்கிறது. வாங்குபவருக்குத்தான் அது தெரிவதில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தத் தொலைபேசி கறுப்புப் பட்டியலில் உள்ளதா என்பதையும் வாங்குபவர் அறியலாம். நமது 1909இன் பதிலிலும் ஒரு வரி சேர்ந்தால் போதும்: 'இதற்கு முறைப்பாடு உண்டு' அல்லது 'இல்லை'. களவுப் பொருளை வாங்க ஆளில்லாவிட்டால் களவும் குறையும்.

அதுவரை நமது எச்சரிக்கைதான் காவல். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என அழுத்தினால் திரையில் வரும் இலக்கத்தைப் பெட்டியோடும் பற்றுச்சீட்டோடும் ஒப்பிடுங்கள். ஐபோன் என்றால் விற்பவர் தனது கணக்கிலிருந்து உங்கள் முன்னிலையிலேயே வெளியேறட்டும். அடையாள அட்டைப் பிரதியும் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டும் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். கடை நடத்தும் நம்மவர்களும் இதையே வழக்கமாக்க வேண்டும்.

களவுப் பொருள் என அறிந்து வாங்குவது மட்டுமல்ல, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்று வாங்குவதும் நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அரை விலையும் இல்லாத பெட்டியும் அந்தக் காரணமாகக் கொள்ளப்படலாம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் நிலை வருவதற்கு முன்னரே கேட்டுவிடுவது நல்லது.