கங்காணி இல்லாத கம்பெனி நடத்துவோம்

வேலைக்கான ஆர்டர் கையில் இருக்கிறது. நகரத்தில் அறைதான் கிடைக்கவில்லை. "சொந்த ஊர் எது? எந்தத் தெரு? கறி சமைப்பீங்களா?" வீட்டு உரிமையாளர் நடத்தும் இந்த இன்டர்வியூவில் தேறினால்தான் கம்பெனி வாசலை மிதிக்க முடியும். நம் பட்டதாரிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கருக்கும் இதுதான் நடந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனவருக்குத் தங்க இடமில்லை. பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்து விரட்டினார்கள். வேலை தெரியாமல் அவர் வேலையை விடவில்லை, அறை இல்லாமல் விட்டார். பிறகு பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். அதுவும் நின்றது.

ஆகவே சிறுதொழில், வீட்டிலிருந்து வேலை என்பதெல்லாம் ஐடிக்காரர்களின் சொகுசுப் பேச்சு என்று நாம் ஒதுக்க முடியாது. இரண்டுமே நம் பிரச்சினைகள்.

இன்று நம்மில் பலர் தொழில் தொடங்குகிறோம். 2016இல் ஸ்டாண்ட் அப் இந்தியா கடன் வந்தது. 2023இல் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியத்தோடு வந்தது. ஜிஎஸ்டி கணக்கு, டிடிபி, மொழிபெயர்ப்பு, வெப்சைட் என ஐந்தாறு பேரோடு நடக்கும் தொழில்களில் பெரும்பகுதியை எங்கிருந்தும் செய்யலாம். ஆனாலும் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் சில தோழர்களுக்கு ஒரு பழைய குரல் வந்துவிடுகிறது: "கண்ணு முன்னால இருந்தாத்தான் வேலை நடக்கும்."

இது யாருடைய குரல்? வரப்பில் குடை பிடித்து நின்ற பண்ணையாரின் குரல். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் குரல். வீட்டில் வேலை செய்பவரின் திரையை நிமிடத்துக்கு நிமிடம் படம் பிடிக்கும் மென்பொருள் அந்தக் கங்காணியின் புது அவதாரம். தலைமுறை தலைமுறையாகக் கண்காணிக்கப்பட்டவர்கள் நாம். கங்காணியைக் காசு கொடுத்து வாங்கி நம் கம்பெனியில் உட்கார வைக்கலாமா? ஒப்புக்கொண்ட வேலை ஒப்புக்கொண்ட நாளில், ஒழுங்காக முடிந்ததா என்பதுதான் கேள்வி. எங்கே உட்கார்ந்து முடித்தார் என்பது முதலாளிக்குத் தேவையில்லாத விவரம்.

"கிராமத்தை விட்டு வெளியேறு என்றார் அம்பேத்கர். நீங்கள் சேரியிலேயே இரு என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நகரம் நம் உரிமை, அதை விட்டுக்கொடுக்கப் பேசவில்லை. நகரத்துக்கு வர விரும்புபவர் வரட்டும். கைக்குழந்தை இருப்பவர், முதியவரைப் பார்த்துக்கொள்பவர், மாற்றுத்திறனாளி, வாடகை கட்ட முடியாதவர், அறை மறுக்கப்பட்டவர் இருக்குமிடத்திலிருந்தே சம்பாதிக்கட்டும். முடிவு தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். ஆபீஸ் வாடகையை மிச்சப்படுத்த முதலாளி வீட்டுக்கு அனுப்புவது வேறு விஷயம்.

அந்த வேறு விஷயத்தை நம் பெண்கள் நன்றாக அறிவார்கள். வேலூர், திருநெல்வேலி வட்டாரங்களில் பீடி சுற்றுவது வீட்டிலிருந்து செய்யும் வேலைதான். இலையும் தூளும் வீட்டுக்கு வரும், கூலி எண்ணிக்கைக்கு வரும், சரியில்லை என்று கழித்த பீடிக்குக் காசு வராது. 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே சொன்னது. இருந்தும் ஒப்பந்தக்காரர்கள் அவர்களைக் கணக்கில் காட்டாமல் தப்பித்துவந்தார்கள். பீடித் தட்டுக்குப் பதில் லேப்டாப்பை மடியில் வைத்துவிட்டால் அது விடுதலை ஆகாது.

எனவே தொழில் நடத்தும் தோழர்களுக்கும், நாளை நடத்தப்போகும் மாணவர்களுக்கும் நம் கோரிக்கைகள் இவை. எழுத்தில் வேலை ஒப்பந்தம் கொடுங்கள். வீட்டிலிருப்பவருக்கும் அதே சம்பளம், அதே பதவி உயர்வு. இன்டர்நெட், கரண்ட் செலவு கம்பெனியுடையது. இத்தனை மணிக்கு மேல் போன் வராது என்று ஒரு நேரம் வையுங்கள். தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு 1946இல் சட்டமானபோது, தொழிலாளர் துறை அண்ணலின் பொறுப்பில் இருந்தது. அவர் படத்தை மாட்டிய ஆபீஸிலிருந்து இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் போகக் கூடாது. 20 பேருக்குக் குறைவு என்பதால் பிஎஃப் கட்டாயமில்லை என்று ஒதுங்காதீர்கள். தானாக முன்வந்து சேரவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

அரசிடமும் கேட்போம். ஒற்றை அறை தொகுப்பு வீட்டில் நாலு பேர் இருக்கும்போது மேசை எங்கே போடுவது? காலனியின் சமுதாயக் கூடத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் மேசை, மின்சாரம், இணையம் கொடுங்கள்.

சாக்கடை அடைப்பை யாரும் வீட்டிலிருந்து எடுக்க முடியாது. அந்த வேலையை நம் தலையில் கட்டிய சமூகம், உட்கார்ந்து செய்யும் வேலையைத் தனக்கென வைத்துக்கொண்டது. அதில் நமக்கும் பங்கு வேண்டும், கங்காணி இல்லாமல் வேண்டும். நாம் முதலாளியாகும் இடத்தில் அதை முதலில் செய்து காட்டுவோம்.

ஜெய் பீம்!