அரண்மனைக்குள் ஒரு பலகைக் குடில்

இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இறங்குவோரின் கண்முன் ஐந்து வட்டக் கோபுரங்களோடு ஓங்கி நிற்கிறது ஒரு கோட்டை. 'கஸ்தெல் நுவோவோ', அதாவது புதிய கோட்டை என்பது அதன் பெயர். எழுநூறு ஆண்டுகளைக் கடந்தும் அது புதிய கோட்டையே! அந்நகரில் அதனினும் பழைய கோட்டைகள் உண்டு.

பிரெஞ்சு அரச குலத்தவரான ஆஞ்சூ சார்லஸ் மன்னர் 1279இல் இதனைக் கட்டத் தொடங்கினார். அதில் குடியிருக்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1282இல் பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் சிசிலித் தீவினர் அவரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அப்போர் ஓயுமுன்பே 1285இல் மன்னர் இறந்தார். அவர் மகன் இரண்டாம் சார்லசே இங்கு அரசோச்சினார்.

நம்மை இக்கோட்டையின்பால் ஈர்ப்பது 1294ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள். திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் இறந்தபின் இருபத்தேழு மாதங்கள் பாப்பிறையின் அரியணை வெறுமையாய்க் கிடந்தது. கர்தினால்மார் இறுதியில் மொரோனே மலையில் தவம் செய்துவந்த பேதுரு என்னும் முதிய துறவியைத் தேர்ந்தனர். ஐந்தாம் செலஸ்தீன் என்னும் பெயர் பூண்ட அவர், கழுதையின் மீதேறி அக்குயிலா நகருக்குள் நுழைந்தார். கடிவாளத்தைப் பிடித்து நடந்தவர்களுள் ஒருவர் இரண்டாம் சார்லஸ். அது பக்திதானா? கடிவாளம் பிடித்த கை அதன் பின்னர் எளிதில் விடவில்லை. உரோமைக்குச் செல்ல வேண்டிய திருத்தந்தையை அரசர் நேப்பிள்சுக்கே அழைத்து வந்தார். புதிய கர்தினால்மார் நியமனத்திலும் அரசரின் விருப்பமே ஓங்கியிருந்தது.

அரண்மனை வாழ்வு துறவிக்கு ஒவ்வவில்லை. கோட்டைக்குள்ளேயே ஒரு சிறு பலகைக் குடில் அமைத்து, திருவருகைக் காலத்தில் அதனுள் ஜெபத்தில் ஆழ்ந்தார். ஆட்சிப் பொறுப்பை மூன்று கர்தினால்மாரிடம் விட்டுவைக்க எண்ணினார். அது எதிர்ப்பால் நின்றது. பதவி விலகவே அவர் எண்ணுகிறார் எனக் கேள்வியுற்ற நகர மாந்தர், விலக வேண்டாமென்று மன்றாடிக் கோட்டை நோக்கிப் பவனியாய் வந்தனர். பாப்பிறை தாமே விலகலாம் என்பதை முதலில் உறுதிசெய்துவிட்டு, டிசம்பர் 13ஆம் நாள் கர்தினால்மார் முன்னிலையில் விலகல் கடிதத்தை வாசித்தார். அரியணையினின்று இறங்கிப் பழைய துறவாடையை உடுத்திக்கொண்டார். பதினொரு நாள் கழித்து, கிறிஸ்மசுக்கு முந்தின நாள், அதே கோட்டையில் எட்டாம் போனிபாஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

புதிய திருத்தந்தை அரசரின் நிழலை விட்டு உரோமைக்கு விரைந்தார். ஆனால் முன்னவரைச் சுதந்திரமாய் விட அஞ்சினார். மலைக்குத் திரும்ப விழைந்த முதியவர் பூமோனே கோட்டையில் காவலில் வைக்கப்பட்டு 1296இல் இறந்தார். ஒரு கோட்டையை விட்டு மற்றொரு கோட்டைக்குள்! 1313இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 2009இல் அவர் கல்லறையின் மீது திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் பாலியத்தை வைத்துச் சென்றதும், 2013இல் அவரும் பதவி விலகியதும் வாசகர் அறிந்ததே.

பின்னர் வந்த ராபர்ட் மன்னர் ஓவியர் ஜியோத்தோவை வரவழைத்துக் கோட்டைச் சிற்றாலயத்தைச் சித்திரங்களால் நிரப்பினார். 1442இல் நகரைக் கைப்பற்றிய அரகோன் அல்போன்சு, கோட்டையைப் பெரும்பாலும் புதிதாய்க் கட்டி, வாயிலில் வெண்சலவைக்கல் வெற்றி வளைவையும் நாட்டினார். அவர் மகன் பெரந்தே 1486இல் ஒரு திருமணத்திற்கென்று பிரபுக்களைக் கோட்டையின் பெருமண்டபத்திற்கு வரவழைத்து, சதிகாரரெனக் கைது செய்தார்.

ஆஞ்சூ காலத்துக் கட்டடத்தில் இன்று எஞ்சுவது அச்சிற்றாலயம் ஒன்றே. ஜியோத்தோவின் சித்திரங்களும் மறைந்து, சன்னலோரங்களில் சில முகங்கள் மட்டும் மங்கித் தெரிகின்றன.