பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுதல்

மக்கள் தம் முன்னோர் விட்டுச்சென்ற பொருள்களுட் சிலவற்றைப் போற்றிக் காப்பர். சிலவற்றை எடைக்கு விற்பர். செப்புக் குடத்தையும் வெண்கலப் பானையையும் பரணில் ஏற்றி வைக்கும் நம்மவர், வீட்டு வாயிலில் பல்லாண்டு நின்று உழைத்த மோட்டார் வண்டியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புதற்குச் சிறிதும் தயங்குவதில்லை. இது முறையன்று என்பது எனது துணிபு. அதற்குரிய காரணங்களை இம்மலரின் வாயிலாக மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகிய அனைவர் முன்னும் வைக்க விரும்புகின்றேன். யானும் அக்குற்றத்தைச் செய்தவனே ஆதலின், பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. செய்த பிழையை எடுத்துரைக்கும் தகுதி மட்டுமே உண்டு.

சிவகாசியிற் பிறந்த சிறுவனுக்கு மோட்டார் வண்டி முதலில் அறிமுகமாவது தீப்பெட்டிப் படத்தில்தான். யானும் என் தோழரும் அப்படங்களைச் சேர்த்து, யானைக்கு இரண்டு மயில், மயிலுக்கு ஒரு கார் என்று பண்டமாற்றுச் செய்து விளையாடினோம். ஆயின் மெய்யான காரை யான் அறிந்தது என் பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியினால். அவர் காலண்டர் ஆர்டர் எடுக்கும் தொழில் செய்தவர். மாதிரிப் படங்களைக் கோத்த பெரிய ஆல்பங்களைப் பின்னிருக்கையில் அடுக்கிக்கொண்டு, திருத்தங்கல் வழியே விருதுநகருக்கும் அங்கிருந்து மதுரைக்கும், பிறிதொரு நாள் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் செல்வார். விடுமுறை நாள்களில் என்னையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. கரிசற்காட்டுக் கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, எஞ்சின் நின்றுவிடும். உடனே ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின்மேற் சுற்றிவிட்டுப் புளியமர நிழலிற் காத்திருப்போம்.

அக்காத்திருப்பே எனக்குப் பள்ளியாயிற்று. ஹெரால்டு வண்டியின் முன்புறம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழும் அமைப்புடையது. கவிழ்த்த மாத்திரத்தில் எஞ்சினும் முன்சக்கரங்களும் அவற்றைத் திருப்பும் கருவிகளும் மறைவின்றிக் கண்முன் நிற்கும். காற்றும் பெட்ரோலும் கலக்குமிடம் எது, தீப்பொறி எழுமிடம் எது, அப்பொறி எவ்வரிசையில் நான்கு உருளைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றது என்பனவற்றை யான் சாலையோரத்தில் நின்றே கற்றேன். பின்னர்ப் பாடநூலிற் கண்டபோது அவை எனக்குப் பழகிய முகங்களாகத் தோன்றின.

பெரியப்பா மறைந்தபின் வண்டி கொட்டகையில் நின்றது. இடம் வேண்டியிருந்தது, உதிரிப்பாகம் கிடைப்பதும் அரிதாயிற்று. குடும்பத்தார் என் கருத்தைக் கேட்டபோது, யான் மறுப்பின்றி இசைந்தேன். இரும்புக் கடைக்காரர் வந்து, அறுத்து, எடைபோட்டுப் பணம் தந்து சென்றார். ஒரு வாரம் கழிந்தபின், அவ்வண்டியை ஆண்டுக்கணக்கிற் பழுதுபார்த்து வந்த விருதுநகர் மெக்கானிக் எங்கள் வீடு தேடி வந்தார். வெறுமையான கொட்டகையைப் பார்த்துவிட்டு, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி? நான் எடுத்துக்கொண்டு போயிருப்பேனே,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எடைக்கு நான் பெற்ற பணம் இன்று நினைவில் இல்லை, அச்சொல் இருக்கின்றது.

இனி, அவ்வண்டி யாது என்பதைச் சிறிது விரித்துக் கூறுவேன். ஹெரால்டு, இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்னும் பெயரில் 1959-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் உருவை வரைந்தவர் மிகெலொட்டி என்னும் இத்தாலியர். உடல் வேறு, அடிச்சட்டம் வேறாக அமைந்து, உடலும் பல பகுதிகளாகப் பிரிந்து திருகாணிகளால் இணைக்கப்பட்டமையின், பிற நாடுகளிற் கொண்டுசென்று பூட்டுதற்கு எளிதாயிருந்தது. சென்னையில் 1948-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், வண்டலூரை அடுத்த தன் தொழிற்சாலையில் 1961-ஆம் ஆண்டு முதல் இதனைச் செய்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் மெல்ல மெல்ல இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. 1968-ஆம் ஆண்டில் நான்கு கதவுடைய ஹெரால்டு இங்கே பிறந்தது. அத்தகைய ஹெரால்டு இங்கிலாந்திலும் இல்லை. 1972-ஆம் ஆண்டில் வந்த கேசல் என்னும் வண்டியில், நம் நாட்டு மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான முறையில் பின்அச்சு மாற்றியமைக்கப்பட்டது. பிறர் தந்ததை அப்படியே பூட்டிய கைகள், அதனைத் திருத்தத் துணிந்த வரலாறு அவ்வண்டிகளில் எழுதப்பட்டிருக்கின்றது.

இவ்வரலாறு சிவகாசியார்க்குப் புதிதன்று. 1922-ஆம் ஆண்டில் இவ்வூரினின்றும் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். மழை குறைந்த இந்நிலம் அத்தொழிற்கு இசைந்தது. தீப்பெட்டியினின்று பட்டாசும், தீப்பெட்டிச் சீட்டினின்று அச்சுத்தொழிலும் கிளைத்தன. கற்றவர் கற்றதோடு நில்லாமல் அதனைத் தம் நிலத்திற்கும் கைக்கும் ஏற்ப வளைத்துக்கொண்டமையே இவ்வூரின் வாழ்வு. தீப்பெட்டிச் சீட்டைச் சேர்ப்பவரை இன்று எவரும் எள்ளுவதில்லை. அது தொழில் வரலாறு என்று ஒப்புகின்றோம். அச்சீட்டிற்கு உரிய மதிப்பு, நம் மாநிலத்திற் செய்த முதற் கார்களுக்கு ஏன் இல்லை?

தமிழ்நாட்டில் மோட்டார்த் தொழில் இதனினும் பழைமை உடையது. 1903-ஆம் ஆண்டிலேயே சென்னைச் சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார். 1948-ஆம் ஆண்டிற் பிறந்த அசோக் மோட்டார்ஸ், முதலில் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிப் பின்னர் 1955-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு எனப் பெயர்பெற்றுக் கனவண்டிகளைச் செய்யலாயிற்று. விருதுநகர் ஈன்ற காமராசர் முதலமைச்சராயிருந்த 1954 முதல் 1963 வரையான காலத்திலே கிண்டித் தொழிற்பேட்டை அமைந்தது. அதனை ஒட்டிய ஆண்டுகளிற் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா முதலிய உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஹெரால்டு மறைந்தது, சக்கரமும் தடையும் மின்கருவியும் செய்யக் கற்ற தொழில் மறையவில்லை. இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் அயல்நாட்டு நிறுவனங்கள் வந்து வண்டி செய்கின்றன என்றால், பாகம் செய்யும் கைகள் இங்கே முன்னரே பழகியிருந்தமை அதற்கு ஒரு காரணமாம்.

பழையன யாவும் நல்லன என்று யான் கூற வரவில்லை. போட்டியின்றி வளர்ந்த அக்காலத் தொழிற்குக் குறைகள் பல இருந்தன. வண்டிக்குப் பணம் கட்டியவர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். உத்தரபாராவில் 1950-களின் இறுதியிற் பிறந்த அம்பாசடர், 2014-ஆம் ஆண்டில் நிற்கும்வரை உருவத்திற் பெரிதும் மாறவில்லை. நம் ஸ்டாண்டர்டு நிறுவனமோ 1985-ஆம் ஆண்டில், இங்கிலாந்து ரோவர் காரின் அழகிய உடலை வாங்கி, அதனுள் பழைய வேன்கார்டு வழிவந்த எஞ்சினைப் பொருத்தி, ஸ்டாண்டர்டு 2000 என்று பெயரிட்டு விற்றது. புதுச்சட்டை பழைய நெஞ்சை மறைக்கவில்லை. 1988-ஆம் ஆண்டளவில் அவ்வண்டியும் நின்றது. 1983-ஆம் ஆண்டில் மாருதி வந்தபோது மக்கள் அதனை விரும்பி ஏற்றது இயல்பே. ஆயினும், தோல்வியும் கற்கத்தக்கதே. எதிரே நிறுத்தி, இன்ன இடத்தில் இன்ன பிழை நேர்ந்தது என்று சுட்டிக் காட்டுதற்கு அவ்வண்டிகளுள் சிலவேனும் எஞ்சியிருத்தல் வேண்டும்.

இன்றைய கார் பலவகையிலும் சிறந்தது. குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடுகின்றது. விபத்தில் உயிரைக் காக்கும் கருவிகளை உடையது. ஆனால் அதன் மூடியைத் திறந்தால் காண்பது கறுப்புப் பிளாஸ்டிக் உறை ஒன்றே. பழுது யாதென்று கணினி சொல்ல வேண்டும். பாகத்தைத் திருத்துவதில்லை, மாற்றுகின்றார்கள். எஞ்சினின் ஒலியைக் கேட்டே பிணியை அறியும் மெக்கானிக்குகள் முதியராகிவிட்டனர். அவர்களிடம் கற்பதற்கு இளைஞர் வருவதில்லை. வந்தாலும் கற்பிக்க வண்டி இல்லை. இரும்புக் கடையில் அறுபடுவது இரும்பு மட்டுமன்று என்பதை யான் காலம் கடந்தே உணர்ந்தேன்.

இனிச் சட்டத்தின் நிலையைக் காண்போம். நடுவண் அரசு 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதி வகுத்தது. 50 ஆண்டைக் கடந்ததாய், பெருமாற்றம் செய்யப்படாததாய் உள்ள வண்டியை ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட தனி எண்ணுடன் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுதுபார்த்தல் போன்றவற்றிற்கன்றி அன்றாட ஓட்டத்திற்கு அவ்வண்டியைப் பயன்படுத்தலாகாது. இது நல்ல விதி, வரவேற்கின்றேன். ஆனால் சொந்தக் காரின் முதற்பதிவு 15 ஆண்டோடு முடிகின்றது. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். 600 ரூபாயாயிருந்த அக்கட்டணம் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று; 20 ஆண்டு கடந்த காருக்கு 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு அறிவிப்பு 10,000 ரூபாய் விதித்தது. ஆகவே 15-ஆம் ஆண்டு தொடங்கி 50-ஆம் ஆண்டு வரை, 35 ஆண்டுக் காலம், வண்டி வெறும் பழைய வண்டியாகவே கருதப்படும். கிழவன் என்று தள்ளப்பட்டவன், அத்தள்ளுதலைத் தாங்கி உயிரோடிருந்தால் பெரியவன் என்று போற்றப்படுவான் என்பது போன்றது இது. கடைசியாகச் செய்யப்பட்ட கேசல் வண்டிகள் 2027-ஆம் ஆண்டில் 50 வயதை எய்தும். ஸ்டாண்டர்டு 2000 வண்டிகளுக்கு 2035-ஆம் ஆண்டு வரை பொறுத்தல் வேண்டும். அதுவரை எஞ்சுவன எத்தனை? ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து செவ்விய நிலையில் உள்ள வண்டிக்குத் தனி எண் வழங்குகின்றனர். இங்கிலாந்தில் 40 ஆண்டு கடந்த வண்டிக்குச் சாலைவரி விலக்கு அளிக்கின்றனர். நம் நாட்டிலும் 30 ஆண்டு என்னும் எல்லையே தக்கது.

‘பழைய வண்டி புகை கக்குமே, காற்றைக் கெடுக்குமே’ என்று வினவுவோர் உளர். வினா நேரியதே. புகையைப் பற்றிய வழக்கை நம் மாவட்டத்தார் போல் அறிந்தவர் யார்? 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசை அறவே ஒழிக்கவில்லை. பேரியம் கலந்தவற்றையும் சரவெடியையும் விலக்கி, பசுமைப் பட்டாசுக்கு இசைந்து, தீபாவளி நாளில் இரவு 8 மணி முதல் 10 மணி வரை என்று காலமும் வரையறுத்தது. அத்தீர்ப்பால் தொழிலுக்கு நேர்ந்த இன்னல் பெரிதே. ஆயினும் எப்பொருள், எவ்வளவு, எப்பொழுது என்று பிரித்துப் பார்த்த முறை அதில் உண்டு. அந்த முறையையே பழைய வண்டிக்கும் வேண்டுகின்றேன். நாள்தோறும் நகரிற் சரக்கேற்றி ஓடிக் கரும்புகை விடும் வண்டியும், ஞாயிறு காலையில் ஊர்ப்புறச் சாலையில் ஒருமுறை ஓடித் திரும்பும் வண்டியும் ஒரே குற்றத்திற்கு உரியன அல்ல. முன்னதை நிறுத்துக, பின்னதற்கு ஓட்ட எல்லை வகுத்து, புகைச் சோதனையும் செய்து, வாழவிடுக.

அரசை மட்டும் நோக்கி நிற்றலும் தகாது. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அறநிலையத்தார் 2015-ஆம் ஆண்டில் கார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தனர்; மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறை கண்டுவருதல் நன்று. ஆனால் நான் விரும்புவது கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் அரசர் வண்டியன்று. கையால் தொட்டுப் பிரித்துப் பூட்டத்தக்க எளியோர் வண்டி. நம் மாவட்டத்துப் பாலிடெக்னிக், பொறியியற் கல்லூரி ஒவ்வொன்றும் ஒரு ஹெரால்டு அல்லது அம்பாசடரை வாங்கி, மாணவர் ஆண்டுதோறும் அதனை முழுதும் பிரித்து மீண்டும் ஓட்டிக் காட்டுமாறு செய்தல் வேண்டும். பட்டம் பெறாத முதிய மெக்கானிக் ஒருவரை அப்பாடத்திற்கு ஆசிரியராக அமர்த்தி, அவர் சொல்வனவற்றைத் தமிழில் எழுதி அச்சிடல் வேண்டும். அச்சகங்கள் மலிந்த சிவகாசியில் இது பெருஞ்செலவன்று.

இம்மலரைப் படிக்கும் நண்பர்காள்! உங்கள் ஊரில், உறவினர் வீட்டுக் கொட்டகையில், தார்ப்பாயின் கீழ்ப் பழைய கார் ஒன்று நிற்கலாம். அதனை வைத்துக்கொள்ள இயலாதாயின் விற்றுவிடுங்கள்; அதிற் பிழையில்லை. ஆனால் இரும்புக் கடைக்காரரை அழைக்குமுன், அதனைப் பழுதுபார்த்த மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.