பிரசவம் நிந்தனையாகுமா?

தாய்மையைப் போற்றாத மதம் இல்லை. ஆனால் ஒரு பெண் தாயாகும் அந்த நேரத்தை ஓவியமாகத் தீட்டினால் என்ன நிகழும்? 1973ஆம் ஆண்டு லண்டன் சுவிஸ் கொட்டேஜ் நூலகத்தில் ஐந்து பெண் ஓவியர்கள் நடத்திய கண்காட்சி இதற்கு விடை தந்தது.

அங்கு வைக்கப்பட்ட ஓவியங்களுள் ஒன்று, மொனிக்கா ஷோ 1968இல் தீட்டிய ‘பிரசவிக்கும் கடவுள்’. விண்கோள்களின் நடுவே ஒரு பெண் நிமிர்ந்து நிற்கிறாள். முகத்தின் ஒரு பாதி கருமை, மறு பாதி வெண்மை. அவளது கால்களுக்கிடையே குழந்தையின் தலை வெளிவருகிறது. ஆபாசம் என்றும் தெய்வநிந்தனை என்றும் முறைப்பாடு பொலிசார் வரை சென்றது.

மொனிக்கா ஷோ 1938இல் சுவீடனில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்தவர். 1961இல் தமது இரண்டாவது மகனை வீட்டிலேயே பெற்றெடுத்த அனுபவமே இவ்வோவியத்தின் ஊற்று. திருச்சபை பெண்ணுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது கன்னியும் தாயுமான மரியாளை. வேறெந்தப் பெண்ணும் இவ்விரண்டையும் ஒருசேர அடைய இயலாது. ஆகவே சாதாரணத் தாயின் உடலும் அதன் வேட்கையும் வெட்கத்துக்குரியனவாயின. அந்த வெட்கத்தையே இவ்வோவியம் மறுத்தது.

விசுவாசிகளின் மனம் புண்பட்டதை நாம் ஏளனம் செய்யோம். எனினும் வேதாகமத்தையே எடுத்துக்கொள்வோம். ஏசாயா 42ஆம் அதிகாரத்தில் கடவுள் தம்மைப் பிரசவ வேதனையில் கதறும் பெண்ணுக்கு ஒப்பிடுகின்றார். உவமை வேறு, ஓவியம் வேறு எனலாம். ஆனால் தீர்க்கதரிசியின் சொல்லில் புனிதமான பிரசவம், ஒரு தாயின் தூரிகையில் மட்டும் ஆபாசமானது எவ்வாறு?

இக்கூச்சம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. எமது சைவ வீடுகளிலும் பிள்ளை பிறந்தால் ‘துடக்கு’ என்கிறோம். பெற்றவளை 31 நாள் கோயிற் பக்கம் போகவிடோம். மொழி தெரியாத நாட்டின் மருத்துவமனையில், தாயோ சகோதரியோ அருகில் இன்றிப் பிள்ளை பெற்ற பெண்கள் எம்மிடையே எத்தனை பேர்! பிறந்த குழந்தையின் எடையை விசாரித்தோம், பெயரை விசாரித்தோம். அந்த இரவில் அவள் பட்டதை யாரேனும் கேட்டோமா?

மொனிக்கா ஷோ 2005இல் காலமானார். தெய்வநிந்தனைக் குற்றம் 2008இல் இங்கிலாந்தின் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 2023இல் ஸ்டொக்ஹோமிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் அவரது படைப்புகளுக்குப் பெருங் கண்காட்சிகள் நடைபெற்றன. அவ்வோவியத்தை விரும்புவதும் வெறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் தாயைத் தெய்வமென்று வணங்கும் நாம், அவளது பிரசவத்தை அசுத்தமென்று ஒதுக்குவது நியாயமாகாது. அவள் பேச விரும்பினால் அருகிருந்து கேட்போம். அதை எமது வீடுகளிலேயே தொடங்குவோம்.