கட்டற்றதா, காவலற்றதா?

எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று வாயில் திறந்து வைத்த கலைக்களஞ்சியம் விக்கிப்பீடியா. எவரும் எழுதுவதை எங்ஙனம் நம்புவது என்று வினவுவார் ஒருசாரார். ஆயிரம் கண்கள் பார்க்கையில் பிழை எங்ஙனம் நிலைக்கும் என்பார் மறுசாரார். இருசாராரும் கேளாத வினா ஒன்றுண்டு. அந்த ஆயிரம் கண்கள் எந்த மொழிக்கு உள்ளன?

ஆங்கிலத்திற்கு உள்ளன. 2005-ஆம் ஆண்டில் நேச்சர் என்னும் அறிவியல் இதழ் 42 தலைப்புகளில் ஆங்கில விக்கிப்பீடியாவையும் பிரித்தானிக்காவையும் துறையறிஞரைக் கொண்டு ஒப்பிட்டது. முன்னதில் 162 பிழைகள், பின்னதில் 123. பிரித்தானிக்கா நிறுவனம் அம்முடிவை மறுத்தது. ஆயினும், கூலி பெறாதார் எழுதிய களஞ்சியம் 1768-இல் தோன்றிய களஞ்சியத்தை அவ்வளவு நெருங்கியதென்றால், அது திறந்த வாயிலின் ஆற்றல் அன்று. உள்ளே நின்ற காவலரின் ஆற்றல்.

காவலர் போதாத மொழியின் நிலை என்ன? இசுக்காட்டுலாந்தை நோக்குக. ஆங்கிலத்தின் உடன்பிறப்பாகிய இசுக்காட்டு மொழியைப் பேசவல்லோர் 15 இலக்கத்திற்கு மேற்பட்டோர் என்று 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு கூறிற்று. அம்மொழி விக்கிப்பீடியாவில் 20,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளை ஆக்கியவன், அம்மொழி அறியாத அமெரிக்க இளைஞன் ஒருவன் என்பது 2020 ஆகத்துத் திங்களில் வெளிப்பட்டது. தொடங்கியபோது அவனுக்கு அகவை 12. ஆங்கிலச் சொற்றொடரை அப்படியே நிறுத்தி, இணைய அகரமுதலியில் கண்ட சொற்களை இடையிடையே பெய்தான். உருக்குலைந்த ஆங்கிலம், இசுக்காட்டு மொழியென்று பல்லாண்டு உலகின்முன் வைக்கப்பட்டது. அம்மொழியைக் 'கெட்ட ஆங்கிலம்' என்று இகழ்வார்க்கு இதனினும் வாய்ப்பான சான்று வேண்டுமோ?

குற்றம் எவருடையது? அச்சிறுவனுடையதன்று. அவன் பகையால் செய்தானல்லன், ஆர்வத்தால் செய்தான். அம்மொழி அறிந்தார் நூறு பேர் நாளொரு பக்கம் படித்துத் திருத்தியிருப்பின், அப்பிழை இத்துணை வளர்ந்திராது. செய்தி உலகெங்கும் பரவிய பின்னரே பலர் திரண்டு திருத்த வந்தனர்.

தமிழுக்கும் இத்தகைய இடர் நேர்ந்ததுண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தோன்றியது. 2009-ஐ ஒட்டி, கூகுள் நிறுவனம் கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர், கணினிக் கருவித் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ்ப்படுத்தி அதனுள் ஏற்றினர். தமிழ் விக்கிப்பீடியர் வாளா இருந்தாரல்லர். குறைகளைத் திரட்டி, 2010-இல் போலந்தின் கிதான்சுக்கு நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டில் உலகறியக் கூறினர். சிலரே ஆயினும் காவலர் இருந்தனர்; தமிழ் தப்பியது.

இன்றோ, பொறிகள் நொடியில் கட்டுரை ஆக்குகின்றன. இணையத்தில் கிடக்கும் எழுத்தை உண்டே அவை மொழி கற்கின்றன. பிழைத்தமிழ் உண்ட பொறி பிழைத்தமிழே உமிழும்; உமிழ்ந்தது மீண்டும் களஞ்சியம் ஏறும். அதனைப் படித்தே நாளைய தமிழ்ப் பிள்ளை வளரும்.

மேடையில் தமிழ் வாழ்க என முழங்கிவிட்டு வீடு திரும்புவார் இதனை எண்ணுக. உழவறிந்தார் உழவுப் பக்கத்தையும், மருத்துவம் அறிந்தார் மருத்துவப் பக்கத்தையும் திறந்து பார்க்க. சான்றில்லா வரிக்குச் சான்று தருக. தர இயலாததை நீக்குக. ஆங்கில நடையில் நடக்கும் தமிழை நிமிர்த்துக. வாயிலை அடைக்கச் சொல்லற்க. வாயிலில் வந்து நிற்க!